ஒரு ஒயரிலிருந்து 160 பின் வரை: பழைய ஜீப்புக்குள் புது இன்ஜின் போன கதை

இந்த எபிசோட்ல நம்ம பேசப்போறது ஜீப்பைப் பத்தி. இன்னும் சரியா சொன்னா, ஜீப்புக்குள்ள ஓடுற ஒயரைப் பத்தி.

அமெரிக்காவில் ரொம்ப வருஷமா இருக்கிற ஒரு பழக்கம் இது. 1970-களில் வந்த ஒரு பழைய ஜீப்பை எடுத்துக்கொள்வார்கள். அதன் சொந்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இறக்கிவிட்டு, இருபது முப்பது வருஷம் கழித்து வந்த ஒரு பிக்கப் டிரக்கின் வி8 இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் உள்ளே உட்கார வைப்பார்கள். இதற்குப் பேர் இன்ஜின் ஸ்வாப். வெல்டிங், பிராக்கெட், அடாப்டர் பிளேட் எல்லாம் இரும்பு வேலை தெரிந்தவர்களுக்குப் பழகின விஷயம். அது முடிந்த பிறகுதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. எங்கேன்னா, ஒயரிங்ல.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். இந்த ஒயரிங் படங்களைப் பார்க்கும்போது, யாரோ எழுதிவிட்டுப் போன பழைய கோடைப் படிக்கிற மாதிரியே இருந்தது. ஒவ்வொரு ஒயரையும் பிடித்துக்கொண்டு "நீ எதுக்கு இங்க இருக்க?"ன்னு கேட்டுப் போனால், ஒன்றுக்குப் பின்னால் ஒரு நகரத்தின் புகை இருக்கு. இன்னொன்றுக்குப் பின்னால் கார் திருட்டு. இன்னொன்று நேராக ஒரு பதிப்புரிமைச் சட்டத்தில் போய் நிற்குது. அதைத்தான் இன்றைக்கு வரிசையா பார்க்கப் போறோம்.

ஒரு ஒயர் போதும் என்றிருந்த காலம்

1941-லிருந்து ஆரம்பிப்போம். இரண்டாம் உலகப்போருக்காக வில்லிஸ் நிறுவனம் எம்பி என்ற ஜீப்பைச் செய்தது. அதே வடிவத்தை ஃபோர்டும் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் ஜீப் செய்து தள்ளியிருந்தார்கள். 2.2 லிட்டர், நாலு சிலிண்டர், 60 குதிரைத்திறன். வண்டி முழுக்க 6 வோல்ட் மின்சாரம்.

அந்த இன்ஜின் ஓட மின்சாரம் எதுக்கெல்லாம் தேவைப்பட்டது? ஸ்பார்க்குக்கு மட்டும்தான். 1910 வாக்கில் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்க இன்ஜினியர் கேடிலாக் கார்களுக்காக உருவாக்கிய அமைப்பு அது. பேட்டரியிலிருந்து சாவி வழியாக ஒரு ஒயர் காயிலுக்குப் போகும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் அந்த மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும். துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். எந்த சிலிண்டரின் முறையோ, அந்த ஸ்பார்க் பிளக்குக்கு டிஸ்ட்ரிபியூட்டர் அதை அனுப்பிவிடும். பெட்ரோலை ஏற்றுகிற பம்ப், இன்ஜினின் சுழற்சியிலேயே ஓடும். காற்றோடு பெட்ரோலைக் கலக்கிறது கார்புரேட்டர். அதுவும் உறிஞ்சலில் நடக்கிற வேலை.

அதாவது, வண்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உண்மையில் தேவைப்பட்டது ஒரே ஒரு ஒயர்: சாவியிலிருந்து காயிலுக்கு. செல்ஃப் மோட்டார், டைனமோ, மீட்டர் எல்லாம் அதற்கு மேல் வசதிக்கு. கையால் ஹேண்டில் போட்டுச் சுற்றியே ஸ்டார்ட் பண்ணலாம்.

போர் முடிந்ததும் பட்டாளத்து ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. மலை ஏற அருமையான வண்டி, ஆனா மெதுவானது. 1955-ல் செவர்லே தன் சின்ன வி8-ஐ வெளியிட்டது. 4.3 லிட்டர், தொடக்கத்திலேயே 162 குதிரைத்திறன். பிறகென்ன, அதைத் தூக்கி ஜீப்பில் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1965-ல் ஜீப்பைத் தயாரித்த கைசர் நிறுவனமே, பியூக் காரின் வி6 இன்ஜினை சிஜே-5 ஜீப்பில் போட்டு விற்றது. தெருவில் நடந்த ஸ்வாப்பை ஃபேக்டரியே செய்த மாதிரி!

அந்தக் காலத்து ஸ்வாப்பில் ஒயரிங் ஒரு பிரச்சினையே இல்லை. வோல்ட் சரியா இருந்தா, காயிலுக்கு ஒயரைக் கொடு, ஓட்டு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் அப்படித்தான். அது எண்ணெய் அழுத்தத்தில் யோசிக்கும். வேகத்தை அளக்க உள்ளேயே சுழலும் ஒரு கவர்னர். ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கு என்று சொல்ல ஒரு கேபிள். இரண்டையும் ஒப்பிட்டு வால்வுகள் நகர்ந்து கியர் மாறும். கம்ப்யூட்டர்னு எதுவும் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் புகை

இந்த எளிமை எங்கே மாறியது? அதற்கு நம்ம ஜீப்பை விட்டு கொஞ்ச நேரம் லாஸ் ஏஞ்சலஸ் போகணும்.

1943 ஜூலை. ஊருக்குள் திடீரென்று கண் எரிகிற புகை. போர்க்காலம் இல்லையா, ஜப்பான் விஷவாயு போட்டுவிட்டது என்றே சிலர் பயந்தார்கள். தொழிற்சாலைகள் மேல் பழி போனது. 1950-களின் தொடக்கத்தில் கால்டெக்கில் இருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை அன்னாசிப்பழத்துக்கு வாசனை எப்படி வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். அதே கருவிகளைக் காற்றின் பக்கம் திருப்பினார். கார்களிலிருந்து வரும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன என்று காட்டினார். கலிஃபோர்னியா பின்னர் காற்று வள வாரியம் அமைத்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான்.

1970 கடைசியில் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 1975-க்குள் 90 சதவீதம் குறைக்கணும் என்பது அதன் இலக்கு. கெடுவைப் பிறகு தள்ளிப்போட்டார்கள். ஆனால் 1975 மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது.

இங்கேதான் கம்ப்யூட்டருக்குக் கதவு திறக்கிறது. ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யணும்னா, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருக்கணும். கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் சுத்தம் கெட்டுவிடும். கார்புரேட்டரால் மட்டும் இந்தத் துல்லியத்தைப் பிடிக்க முடியாது. அதனால் சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் ஒன்றை வைத்து, வெளியே போகிற புகையைப் பார்த்து உள்ளே போகிற கலவையைத் திருத்த ஆரம்பித்தார்கள். 1976-ல் வோல்வோ காரில் பாஷ் நிறுவனத்தின் சென்சார் வந்தது. 1981-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்களில் கம்ப்யூட்டரைப் பொதுவாக்கியது.

ஃபீட்பேக் லூப் என்று காலேஜில் படித்திருப்பீர்களே, அதேதான். விடையைப் பார்த்து கேள்வியைத் திருத்துவது.

அடுத்து சட்டம் இன்னொரு கேள்வி கேட்டது. சென்சார் செத்துப்போனால் யாருக்குத் தெரியும்? அதனால் 1988 மாடலிலிருந்து கலிஃபோர்னியா, வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லணும் என்று விதித்தது. 1996-ல் அது அமெரிக்கா முழுவதும் ஓபிடி-2 ஆனது. டேஷ்போர்டில் எரிகிற செக் இன்ஜின் விளக்கு நமக்கு வந்தது இந்த வழியில்தான்.

தரையில் விரித்த ஹார்னஸ்

இப்போது மறுபடி ஜீப்புக்கு வரலாம். ஸ்வாப் செய்கிறவர்கள் விரும்பி எடுப்பது ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து வி8. 1997 கார்வெட்டில் அறிமுகமாகி, 1999 மாடலிலிருந்து பிக்கப் டிரக்குகளிலும் வந்தது. அதனால் பழைய இரும்புக் கடைகளில் நிறையக் கிடைக்கும். அதோடு ஒட்டியே வருகிற கியர்பாக்ஸ் 4எல்60-ஈ. முன்னால் சொன்ன எண்ணெய் அழுத்தக் கியர்பாக்ஸின் வாரிசுதான் அது. 1993-ல் அதற்கு ஒரு 'ஈ' சேர்ந்தது. எலக்ட்ரானிக் என்று அர்த்தம். கவர்னரும் கேபிளும் போயின. கியர் எப்போது மாறணும் என்று இன்ஜின் கம்ப்யூட்டரே முடிவு செய்து, சோலனாய்டுகள் வழியாக உத்தரவு கொடுக்கும்.

1999 காலத்து டிரக் கம்ப்யூட்டரில் இரண்டு கனெக்டர்கள். ஒவ்வொன்றிலும் 80 பின். மொத்தம் 160. உள்ளே 512 கிலோபைட் ஃபிளாஷ் மெமரி. உங்கள் போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதைவிடப் பெரியது.

டிரக்கிலிருந்து ஒயர் மூட்டையை முழுசா உருவி, தரையில் விரித்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் கேட்கிற ஒயர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிரித்தெடுப்பதுதான் வழக்கமான முறை. கடைசியில் ஜீப்போடு சேர்க்க வேண்டியவை ரொம்பக் கொஞ்சம்தான்: எப்போதும் வரும் 12 வோல்ட், சாவி போட்டால் வரும் 12 வோல்ட், எர்த், பெட்ரோல் பம்ப் ரிலே, ஃபேன் ரிலே, செக் இன்ஜின் விளக்கு, ஸ்கேனர் சொருகுகிற ஓபிடி சாக்கெட். கியர்பாக்ஸுக்காக இன்னும் இரண்டு. பிரேக் மிதிக்கும்போது தெரியணும். கியர் விழுந்திருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது. எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள இன்ஜின் என்றால், டிரக்கின் ஆக்சிலரேட்டர் பெடலும் கூடவே வரணும். ஏன்னா அந்தப் பெடலும் ஒரு சென்சார்தான்.

கேட்க சுலபமா இருக்கு, இல்லையா? இரண்டு இடத்தில் இது கடிக்கும்.

முதலாவது எர்த். பழைய ஜீப்பில் எர்த் சரியில்லையென்றால் பல்பு மங்கலா எரியும், அவ்வளவுதான். ஆக்சிஜன் சென்சார் பேசுவதோ 1 வோல்ட்டுக்கும் குறைவான மொழியில். 0.1 என்றால் பெட்ரோல் குறைவு; 0.9 என்றால் அதிகம். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கு, சேஸிஸ் துருப்பிடித்திருக்கு. எர்த் ஒயரைக் கச்சிதமா போடலைன்னா, கம்ப்யூட்டர் தப்பான எண்ணை உண்மை என்று நம்பி, அதன்படியே பெட்ரோலை ஊற்றும். இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது. அதற்குக் கிடைக்கிற செய்திதான் தப்பு.

இரண்டாவது வேகம். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியணும். ஃபோர் வீல் டிரைவ் டிரக்கில் அந்த சென்சார், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும். ஜீப்பில் அதன் சொந்த டிரான்ஸ்ஃபர் கேஸையே வைத்துக்கொள்கிறவர்கள், சென்சாருக்கும் அதன் பல் சக்கரத்துக்கும் புதுசா இடம் தேடணும். அதையும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் வைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1980-86 சிஜே ஜீப்புகளில் வந்த டேனா 300-ல் லோ ரேஞ்ச் 2.62-க்கு 1. மலையேற லோ ரேஞ்ச் போட்டதும், சென்சார் பார்க்கிற வேகம் சட்டென்று 2.62 மடங்கு குறைந்துவிடும். இன்ஜின் வேகத்தையும் அதையும் ஒப்பிடுகிற கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ் வழுக்குகிறது என்று முடிவெடுத்து, எண்ணெய் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றும். கியர் ஒவ்வொன்றும் உதைத்துக்கொண்டு விழும். டிரக்கில் இந்தக் குழப்பம் வராமல் இருக்க, "நான் லோ ரேஞ்சில் இருக்கேன்" என்று சொல்கிற ஒரு ஒயர் இருந்தது. ஜீப்பில் அதை நாமே போட்டுக்கொடுக்கணும்.

பழைய ஜீப்பில் இரும்பு பாகங்கள் ஒன்றையொன்று தள்ளின. இப்போது ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன. ஸ்வாப்பில் வருகிற முக்கால்வாசிக் குழப்பம், பதில் சொல்ல ஆள் இல்லாத கேள்விகள்தான்.

திருடனுக்கு வைத்த பூட்டு

அப்படி ஒரு கேள்வி இது. எல்லாம் சரியா மாட்டிய பிறகும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி, இரண்டு விநாடியில் நின்றுவிடும். பெட்ரோல் இருக்கும், ஸ்பார்க் இருக்கும். திருட்டைத் தடுக்க, டிரக்கின் பாடியில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டர் "சாவி சரிதான்" என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும். ஒரே ஒயரில், நொடிக்கு 10.4 கிலோபிட் வேகத்தில். ஜீப்பில் அந்த இன்னொரு கம்ப்யூட்டரே கிடையாது. பாஸ்வேர்டு வரலைன்னா பெட்ரோல் கட்.

இதைத் தீர்க்க எந்த ஒயரையும் வெட்டவோ ஒட்டவோ முடியாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மென்பொருளில் அந்தக் கேள்வியையே அணைக்கணும். ஆர்வலர்களும் சின்னச் சின்ன நிறுவனங்களும் அந்த 512 கிலோபைட்டைப் படித்து, எந்த எண் எதைக் கட்டுப்படுத்துகிறது என்று கண்டுபிடித்து, மாற்றி எழுதும் கருவிகளை விற்க ஆரம்பித்தார்கள். ஸ்பேனர் பிடித்த கை லேப்டாப்பைப் பிடித்த இடம் இது.

பிறகு வந்த வண்டிகளில் பேச்சு இன்னும் அதிகமானது. 1986-ல் பாஷ் அறிமுகப்படுத்திய கேன் என்ற நெட்வொர்க், 2008-க்குள் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களின் ஓபிடி இணைப்புக்கும் கட்டாயமானது. ஜெனரல் மோட்டார்ஸின் 6எல்80 கியர்பாக்ஸில் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே, எண்ணெயில் குளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கு. கியர் மாற்றும் கணத்தில் "கொஞ்சம் சக்தியைக் குறை" என்று இன்ஜினிடம் கேட்கும். இன்ஜின் குறைக்கும். இருவரும் ஒரே மொழி பேசலைன்னா வண்டி நகராது.

வண்டி என்னுது. உள்ளே இருக்கிற கோடு?

அமெரிக்காவில் 1998-ல் டிஎம்சிஏ என்று ஒரு பதிப்புரிமைச் சட்டம் வந்தது. டிஜிட்டல் பூட்டை உடைப்பதே தப்பு என்கிறது அது. சினிமா, பாட்டு திருட்டை மனசில் வைத்து எழுதியது. ஆனால் கார் கம்ப்யூட்டரிலும் டிஜிட்டல் பூட்டு இருக்கே! மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விதிவிலக்கு கேட்கலாம். 2015 சுற்றில், தங்கள் வண்டியின் மென்பொருளைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் ஓனர்களுக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் எதிர்த்தது. டிராக்டர் செய்கிற ஜான் டியர் நிறுவனமும் எதிர்த்தது. இரும்பு உங்களுடையது, மென்பொருள் உங்களுக்கு உரிமத்தில் தரப்பட்டது. அவர்கள் வாதத்தின் சாரம் அதுதான்.

ஜூலை மாசம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் எதிர்த்துக் கடிதம் எழுதியது. அவர்கள் பயம் நியாயமானதுதான். லேப்டாப் கையில் இருந்தால் சக்தி ஏற்றுகிற சாக்கில் புகைக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுவார்கள். ஸ்வாப் உலகில் இது நடக்காத விஷயமும் இல்லை. ஒயரைக் குறைக்கும்போது சிலர் முதலில் வெட்டுவது கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைத்தான்.

செப்டம்பர் 18. அதே முகமை வேறொரு அறிவிப்பை வெளியிட்டது. ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களின் மென்பொருளில், சோதனை நடக்கிறதா என்று கண்டுபிடித்து அப்போது மட்டும் சுத்தமாக ஓடும் ஏற்பாட்டை ஒளித்து வைத்திருந்தது. சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். பூட்டு போட்ட மென்பொருள்தான் அது. வெளியாள் யாரும் கை வைக்கவில்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கருவியைக் காரில் கட்டி ஓட்டிப் பார்த்ததில்தான் குட்டு வெளிப்பட ஆரம்பித்தது.

அக்டோபர் கடைசியில் விதிவிலக்கு கிடைத்தது, ஒரு வருஷம் கழித்து அமலுக்கு வரும் என்ற நிபந்தனையோடு. பழுதுபார்க்கலாம், சட்டத்துக்கு உட்பட்டு மாற்றலாம். காற்று மாசு விதிகளை மீற அது அனுமதி தரவில்லை.

எனக்குப் பிடித்த தீர்வு கலிஃபோர்னியாவுடையது. அங்கே ஸ்வாப்பைத் தடை செய்யவில்லை. வைக்கிற இன்ஜின் வண்டியின் வருஷத்தையோ அதற்குப் பிந்தையதையோ சேர்ந்ததா இருக்கணும். அந்த இன்ஜினோடு பிறந்த புகைக் கட்டுப்பாடு எல்லாம் கூடவே வரணும்: கன்வெர்ட்டர், முன்னும் பின்னும் சென்சார், எரியக்கூடிய செக் இன்ஜின் விளக்கு. ரெஃப்ரீ என்று அழைக்கப்படுகிற பரிசோதகர் பார்த்துச் சான்று கொடுப்பார். பழைய கார்புரேட்டர் ஜீப்பில் இப்படி முழுசா ஒயர் செய்த பிறகு, அது பிறந்த நாளைவிடச் சுத்தமா மூச்சு விடும். வெட்டி எறியத் தோன்றுகிற அந்த நாலு ஒயரைப் போட்டால்தான்.

நம்ம ஊர் பக்கம்

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் நேரடி உறவு உண்டு. மஹிந்திரா 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்ட ஆரம்பித்தது. பிறகு அதே வடிவத்தில் டீசல் இன்ஜின்கள் வந்தன. பெட்ரோல் ஜீப்பை டீசலாக்கிய மெக்கானிக்குகளும் நிறைய. பழைய டீசலுக்கு ஸ்பார்க்கே வேண்டாம். பம்ப் மெக்கானிக்கல். நிறுத்துவதற்கு ஒரு கேபிள் போதும். காமன் ரெயில் வந்த பிறகு இங்கேயும் கம்ப்யூட்டர் காலம்தான்.

கேட்கிற ஜீப் பைத்தியங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனா கலிஃபோர்னியா மாதிரி ஒரு ரெஃப்ரீ இங்கேயும் இருந்தால்? "சுத்தமா செய்திருக்கியா, காட்டு" என்று கேட்கிற ஒருத்தர். பழைய வண்டியை நேசிக்கிறவர்களும் சுத்தக் காற்றைக் கேட்கிறவர்களும் ஒரே மேஜையில் உட்கார அதில் ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.